கோபால்ட் பெர்ரைட் வினையூக்கி: காந்தத்தன்மை குறைவு, ஐந்தாவது சுற்றில் வேகம் இறங்குது. காரணம் என்ன? இதிலேயே பிஎச்.டி. போகலாமா?

பேட்டை ஆய்வாளன்:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்ட்டாகத் தொடங்கிய வேலை இது. காந்தத்தால் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய வினையூக்கியாக கோபால்ட் பெர்ரைட் (கோபால்ட்டும் இரும்பும் சேர்ந்த காந்த ஆக்சைடு) தயாரிக்கிறேன். முழு விவரமும் கீழே இருக்கு.

பெர்ரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 5.41 கிராம், கோபால்ட் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 2.38 கிராம், 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 80 டிகிரிக்குச் சூடாக்கி, லிக்கர் அம்மோனியாவை (25 சதவீதம்) சொட்டுச் சொட்டாகச் சேர்த்து பிஎச் 10-க்குக் கொண்டுவந்தேன். ஒரு மணி நேரம் கலக்கல். வீழ்படிவைக் கழுவி, காயவைத்து, 500 டிகிரியில் 4 மணி நேரம் மஃபிள் உலையில் வைத்தது. வடிநீர் பழுப்புச் சிவப்பாக இருந்தது.

எக்ஸ்ஆர்டி-யில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) 35.4 டிகிரியில் பெரிய பீக், கூடவே 33.1, 24.1 டிகிரிகளில் சின்னச் சின்ன பீக். ஈடிஎக்ஸ்-ல் (தனிமங்களின் அளவைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) கோபால்ட்டுக்கும் இரும்புக்கும் விகிதம் 1:2.9. விஎஸ்எம்-ல் (காந்தமாக்கலை அளக்கும் கருவி) 15 கிலோ அர்ஸ்டெட் காந்தப்புலம் வரை போனதில் 38 எமு/கிராம் (எமு: காந்தத் திறனின் அலகு).

வினை: 4-நைட்ரோபீனாலை சோடியம் போரோஹைட்ரைடு வைத்து 4-அமினோபீனாலாக ஒடுக்குவது. மேக்னடிக் ஸ்டர்ரரில் 10 மில்லிகிராம் வினையூக்கி. முதல் சுற்று 6 நிமிடத்தில் முடியுது, ஐந்தாவது 14 நிமிடம் எடுக்குது.

கேள்வி இரண்டு. எங்கே பிசகு, எப்படிச் சரிசெய்ய? அடுத்தது, வினையூக்கமும் காந்தப் பொருளும் சேர்ந்த இந்தத் துறையில் பிஎச்.டி. எடுத்தால் முன்னுக்குப் போக வழி இருக்கா?

---

குறுக்குத்துறை ஸ்பைனல்:

தம்பி, இவ்வளவு விவரம் கொடுத்ததே பாதி விடை. வடிநீர் பழுப்புச் சிவப்புன்னு எழுதினீங்க பாருங்க, அங்கதான் விஷயம் இருக்கு.

கோபால்ட் பெர்ரைட்டுக்கு அம்மோனியா ஆகாது. கோபால்ட் அயனி அம்மோனியாவோட சேர்ந்து கரையக்கூடிய அம்மைன் அணைவுச் சேர்மமா மாறிடும். காற்று பட்டதும் அது கோபால்ட் மூன்றா ஆக்ஸிஜனேற்றம் ஆகி அந்த நிறத்தைக் கொடுக்கும். உங்க கோபால்ட்டுல ஒரு பங்கு வடிநீரோட போயிட்டு. உறுதிப்படுத்த எளிய வழி: வடிநீர் 20 மில்லி எடுத்து சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் கொதிக்க விடுங்க. அம்மோனியா வாடையோட கரும்பழுப்புப் படிவு விழுந்தா அது கோபால்ட்தான். நிக்கல், காப்பர், ஜிங்க் பெர்ரைட்டுக்கும் இதே கதிதான். இரும்பு மட்டும் அம்மோனியாவோட அணைவு கட்டாது, அதனாலதான் மேக்னடைட் (காந்த இரும்பு ஆக்சைடு) தயாரிப்புல எல்லாரும் அம்மோனியாவை ஊத்துறாங்க. அந்தச் செய்முறையை அப்படியே கோபால்ட்டுக்கு எடுத்துப் போட்டா இந்தக் கோளாறு வரும்.

கோபால்ட் போயிட்டா இரும்பு மிச்சப்படும். மிச்ச இரும்பு 500 டிகிரியில ஹெமடைட் (துரு நிற இரும்பு ஆக்சைடு) ஆகும். 33.1-ம் 24.1-ம் ஹெமடைட் பீக். ஹெமடைட்டுக்குக் காந்தத்தன்மை ரொம்பக் குறைவு. அது எடையில மட்டும் சேரும், எமு-வுல சேராது. கட்டியான கோபால்ட் பெர்ரைட்டுக்கு ஏறக்குறைய 80 எமு/கிராம் வரும், நானோ துகளுக்கு அதைவிடக் குறையும். ஆனா 38-ங்கிறதுக்குத் துகள் அளவு மட்டும் காரணம் இல்ல.

இன்னொண்ணு, ஈடிஎக்ஸ் சொல்ற 1:2.9-ஐயும் முழுசா நம்பாதீங்க. இரும்பின் கே-பீட்டா கோடு 7.06 கிலோ எலக்ட்ரான் வோல்ட், கோபால்ட்டின் கே-ஆல்பா 6.93. ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு விழும். மென்பொருள் சரியாப் பிரிக்கலைன்னா கோபால்ட் கூடுதலாத் தெரியும். உண்மையில உங்ககிட்ட இருக்கிறது அதைவிடக் குறைவா இருக்கலாம். 20 மில்லிகிராம் பொடியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல மெதுவாச் சூடாக்கிக் கரைச்சு, 100 மில்லிக்கு நிரப்பி ஏஏஎஸ் அல்லது ஐசிபி-ல (கரைசல்ல உலோக அளவைக் காட்டும் கருவிகள்) கொடுங்க.

இனி செய்யவேண்டியது. உப்புகளின் எடை சரிதான், மாத்த வேண்டாம். அம்மோனியாவுக்குப் பதில் 3 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. கணக்குப்படி 0.08 மோல் ஹைட்ராக்சைடு வேணும், அதாவது 27 மில்லி. அதுக்கு மேல பிஎச் 12 தொடுற அளவுக்குக் கொஞ்சம். சேர்க்கிற வரிசையைத் திருப்பிப் போடுங்க: காரத்தை 80 டிகிரிக்கு மேல சூடாக்கி வெச்சுக்கிட்டு, நல்லாக் கலக்கிக்கிட்டே உலோகக் கரைசலை அதுல வேகமா ஊத்தணும். உலோகக் கரைசல்ல காரத்தைச் சொட்டுச் சொட்டா விட்டா, பிஎச் 2, 3 வரும்போதே இரும்பு ஹைட்ராக்சைடு தனியா விழுந்திடும். கோபால்ட் ஹைட்ராக்சைடு பிஎச் 7, 8 தாண்டித்தான் விழும். ரெண்டும் தனித்தனிக் கட்டியா நின்னா பெர்ரைட் ஆகிறது சிரமம்.

ஊத்தினதும் பழுப்பா இருக்கிறது, 80 முதல் 95 டிகிரியில ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் போனா கறுக்கும். கறுக்கலைன்னா வெப்பம் பத்தலைன்னு அர்த்தம். பிறகு கழுவல். கழுவுநீர்ல குளோரைடு போயிட்டான்னு சில்வர் நைட்ரேட் போட்டுப் பாக்கும்போது, முதல்ல ரெண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம் விடணும். விடலைன்னா மிச்சக் காரமே சில்வர் ஆக்சைடாப் பழுப்பா விழுந்து குழப்பும். நம்ம பக்கத்து போர் தண்ணில கழுவவே கூடாது, கால்சியமும் குளோரைடும் திரும்ப ஏறிடும். கடைசியா எத்தனால்ல ஒரு தடவை கழுவினா காயும்போது கட்டி தட்டாது.

உலை: நிமிடத்துக்கு 5 டிகிரி ஏத்தி 500-ல 3 மணி நேரம் போதும். ஷெரர் கணக்குப் (பீக்கின் அகலத்துல இருந்து துகள் அளவைக் காணும் கணக்கு) போடும்போது கருவியின் அகலத்தை கழிச்சீங்களா? உதாரணத்துக்கு, கழிச்ச பிறகு 35.5 டிகிரி பீக்கின் பாதி உயர அகலம் 0.82 டிகிரின்னா, துகள் 10 நானோமீட்டர் வரும். செம்பு டார்கெட் இருக்கிற கருவியில இரும்பு, கோபால்ட் ரெண்டும் ஒளிர்ந்து பின்புலத்தை ஏத்தும், அதனால ஹெமடைட் 5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அதுல மறைஞ்சு போகலாம். மெதுவா ஸ்கேன் எடுங்க.

---

கீழநத்தம் அளவி:

விஎஸ்எம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

38 என்ற எண்ணுக்கு ஹெமடைட் ஒரு காரணம்தான். கோபால்ட் பெர்ரைட்டின் காந்தத் திசைப்பிடிப்பு மிக அதிகம். 15 கிலோ அர்ஸ்டெட்டில் அது முழுமையாகத் தெவிட்டாது, அதாவது காந்தமாக்கல் உச்சத்தை எட்டாது. வளைவின் நுனி இன்னும் ஏறிக்கொண்டே இருந்தால் அந்த எண்ணைத் தெவிட்டு மதிப்பு என்று எழுதக்கூடாது. காந்தமாக்கலை, புலத்தின் இருமடியின் தலைகீழுக்கு எதிராக வரைந்து, கடைசிப் பகுதியை நேர்கோடாக நீட்டி வெட்டுப்புள்ளியை எடுங்கள்.

பொடியைக் குப்பியில் தளர்வாகப் போட்டால் துகள்கள் புலத்தோடு திரும்பிவிடும், சுழல் வளைவு ஒடுங்கித் தெரியும். கோபால்ட் பெர்ரைட்டில் இது பெரிய பிழை. உருக்கிய மெழுகில் கலந்து உறையவைக்க வேண்டும், அல்லது டெஃப்லான் நாடாவால் இறுக்கி அடைக்க வேண்டும். வெற்றுக் குப்பியையும் தனியாக அளந்து கழிக்க வேண்டும். எவர்சில்வர் ஸ்பாட்டுலா வேண்டாம், சுரண்டல் துகள் விழுந்தால் அதுவும் காந்தம்தான். பிளாஸ்டிக் கரண்டி போதும்.

பலரும் கவனிக்காத இடம் தராசு. மின்னணுத் தராசு மின்காந்த விசையால் ஈடுகட்டி எடை காட்டுகிறது. காந்தப் பொடியைத் தட்டின்மேல் நேராக வைத்தால் காட்டும் எடை நகர்ந்துகொண்டே இருக்கும். தட்டின்மேல் ஒரு சிறிய பீக்கரைக் கவிழ்த்து வைத்து, டேர் செய்து, அதன்மேல் பொடியை வையுங்கள். குப்பியைத் திருப்பி வைத்தாலும் எடை மாறாவிட்டால் அளவு சரி. பிரிக்கப் பயன்படுத்தும் நியோடிமியம் காந்தம் தராசு மேசையிலேயே இருக்கக் கூடாது. 10 மில்லிகிராமில் ஒரு மில்லிகிராம் பிழை வந்தால் எமு மதிப்பில் பத்து சதவீதம் அடிபடும்.

ஈரமும் எடைதான். 500 டிகிரியில் சுட்ட பொடிக்கு இது குறைவு. சிலிக்கா பூசியது, சிட்ரேட் ஒட்டியது என்றால் டிஜிஏ (சூடாக்கி எடை இழப்பை அளக்கும் சோதனை) எடுத்து, பெர்ரைட்டின் நிகர எடைக்குக் கணக்கிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும்.

---

பேட்டை ஆய்வாளன்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. வடிநீர் பாட்டில் இன்னும் இருக்கு, கொதிக்க வைத்துப் பார்க்கிறேன். வினைப் பகுதிக்கு யாராவது சொல்லுங்களேன். காந்தத்தால் இழுத்து எடுத்த பிறகு கரைசல் தெளிவாகத்தான் இருக்கு, அப்படியானால் கசிவு (வினையூக்கியின் உலோகம் கரைசலில் கலப்பது) இல்லை என்று எழுதலாமா?

---

தாமிரபரணி அக்கா:

எழுதக் கூடாது தம்பி. காந்தம் வடிகட்டி ஆகாது. சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களைக் கைக்காந்தம் இழுக்காது. கரைந்த கோபால்ட் அயனியை அறவே இழுக்காது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் கரைசலில் இரண்டும் இருக்க முடியும்.

உங்கள் வினைக்கு இது சாதாரண எச்சரிக்கை இல்லை, மையமான கேள்வியே இதுதான். சோடியம் போரோஹைட்ரைடு கோபால்ட் அயனியைக் கண்டால் உடனே கறுப்பு நிறக் கோபால்ட் போரைடாக ஒடுக்கும். கோபால்ட் போரைடு நல்ல வினையூக்கி, போரோஹைட்ரைடிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் காந்தத்தால் இழுபடக்கூடியதுதான். அப்படியானால் வேலை செய்தது உங்கள் பெர்ரைட்டா, அதன் மேற்பரப்பில் உருவான போரைடா? இதற்கு விடை இல்லாத ஆய்வுக் கட்டுரையை நல்ல ஆய்விதழ் திருப்பி அனுப்பும், அது நியாயமும்கூட.

சோதனை இப்படி. வினை முப்பது, நாற்பது சதவீதம் நடந்ததும் காந்தத்தால் பொடியை ஒதுக்கி, கரைசலை 0.22 மைக்ரான் சிரிஞ்ச் வடிகட்டி வழியாக வேறு குவெட்டில் (ஒளி அளவீட்டுக் குப்பி) எடுங்கள். புதிதாகக் கரைத்த போரோஹைட்ரைடு கொஞ்சம் சேருங்கள், பழையது தீர்ந்துபோய் வினை நின்றிருந்தால் தவறான முடிவுக்கு வருவீர்கள். 400 நானோமீட்டரில் நைட்ரோபீனாலின் ஒளி உட்கவர்தல் அசையாமல் நின்றால் கரைசலில் செயல்படும் பொருள் இல்லை. தொடர்ந்து இறங்கினால் கசிவு இருக்கு. அந்த வடிநீரை ஐசிபி-க்கும் கொடுங்கள். எதிர்ச் சோதனையாக, ஐசிபி காட்டிய அளவுக்குக் கோபால்ட் குளோரைடை மட்டும் போட்டு வினையை ஓட்டிப் பாருங்கள். பெர்ரைட் இல்லாமலே அதே வேகம் வந்தால் கதை முழுக்க மாறிவிடும்.

இரும்பு வினையூக்கத்தில் இப்படி ஒரு பெரிய பாடம் ஏற்கெனவே உண்டு. பெர்ரிக் குளோரைடு தானே செய்ததாக நம்பப்பட்ட சில இணைப்பு வினைகளில், அதில் மாசாக இருந்த மிகச் சிறிதளவு செம்புதான் வேலை செய்தது என்று வேதியியலாளர்கள் பக்வால்டும் போல்மும் 2009-ல் காட்டினார்கள். உப்பின் தூய்மை 97 சதவீதமா 99.99 சதவீதமா என்பதைக் கட்டுரையில் எழுதுவது அதனால்தான்.

அடுத்து மேக்னடிக் ஸ்டர்ரர். காந்த வினையூக்கிக்கு அது வேண்டவே வேண்டாம். பொடி முழுவதும் கலக்கும் குச்சியின் இரு முனையிலும் அப்பிக்கொள்ளும். வினைக்குக் கிடைக்கும் பரப்பு குறையும், ஒவ்வொரு சுற்றிலும் குச்சியோடு கொஞ்சம் பொடி வெளியே போகும். டெஃப்லான் உறையின் கீறல்களில் முந்தைய வினைகளின் பெல்லேடியம் தங்கியிருந்து அதுவே வினையூக்கும் என்பதும் நிரூபிக்கப்பட்ட விஷயம். மேலிருந்து சுற்றும் மெக்கானிக்கல் ஸ்டர்ரர், கண்ணாடித் தண்டு, 400 முதல் 600 சுற்று. அது இல்லையென்றால் ஆர்பிடல் ஷேக்கர். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள், வினைவேகம் மாறாத எல்லையில்தான் நீங்கள் அளப்பது வேதி வேகம்.

ஐந்தாவது சுற்றின் 14 நிமிடத்துக்கு வருவோம். முதலில் எடை இழப்பு. சுற்றுக்கு 5 சதவீதம் பொடி கழுவலில் போனாலும் ஐந்து இழப்புக்குப் பிறகு 77 சதவீதம்தான் மிஞ்சும். அது மட்டும் 6 நிமிடத்தை 8 நிமிடம் அளவுக்குத்தான் கொண்டுபோகும், 14-க்கு அல்ல. மீதிக்கு உண்மையான செயலிழப்பு இருக்கு: மேற்பரப்பில் போரேட் படிவது, அமினோபீனால் ஒட்டுவது, துகள்கள் ஒன்றோடொன்று காந்தத்தால் கட்டியாவது. கோபால்ட் பெர்ரைட் நிலைக்காந்தத்தை வைத்துக்கொள்ளும் பொருள், கைக்காந்தத்தை எடுத்த பிறகும் கட்டி பிரியாது. பிரித்த ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் அல்ட்ராசோனிக் குளியலில் வையுங்கள். மேக்னடைட்டை 10 நானோமீட்டருக்கு வைத்தால் இந்தத் தொல்லை குறையும், அது சூப்பர்பாராமேக்னடிக் என்பதால் காந்தம் விலகியதும் தானாகக் கலைந்து நிற்கும்.

"முடிந்த நேரம்" என்பதை அளவாக வைக்காதீர்கள். வேக மாறிலியை எடுங்கள். 4-நைட்ரோபீனால் 0.1 மில்லிமோலார், போரோஹைட்ரைடு அதைப்போல் நூறு மடங்கு, அதாவது 10 மில்லிமோலார். 400 நானோமீட்டரில் உட்கவர்தல் 1.8 அருகில் தொடங்கும். அதன் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் சாய்வு மாறிலி, அதை வினையூக்கியின் எடையால் வகுத்துக் கொடுங்கள். 400 இறங்கும்போது 300 அருகே அமினோபீனால் பீக் ஏறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஏறாமல் 400 மட்டும் இறங்கினால் அது வெறும் பரப்புக் கவர்ச்சி. பொடி மிதக்கும்போது ஒளி சிதறி அடிக்கோடு உயரும், 550-ல் உள்ள மதிப்பைக் கழியுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு இரண்டு குறிப்பு. போரோஹைட்ரைடை ஐஸ் நீரில் கரைத்து உடனே பயன்படுத்துங்கள், அறை வெப்பத்தில் அது நீரோடு வினைபட்டு வீரியம் இழக்கும். காலையில் 27 டிகிரி, பிற்பகலில் 34 டிகிரி என்ற ஆய்வகத்தில், கிளர்வாற்றல் மோலுக்கு 40 கிலோஜூல் உள்ள வினையின் வேகம் 1.4 மடங்கு மாறும். முதல் சுற்றைப் பிற்பகலிலும் ஐந்தாவதை மறுநாள் காலையிலும் ஓட்டினால் இல்லாத செயலிழப்பு இருப்பதுபோல் தெரியும். குவெட் பிடிப்பானில் வெப்பநிலை கட்டுப்படுத்திய நீர்ச் சுற்றோட்டம் வைத்து 30 டிகிரியில் நிறுத்துங்கள்.

---

வி.கே.புரம் ஆக்சைடு:

இரண்டாவது கேள்விக்கு என் கருத்து.

இன்னொரு பெர்ரைட், இன்னொரு நைட்ரோபீனால் என்று பிஎச்.டி. போகாதீர்கள். அந்த வினை புதிய பொருளைச் சோதிக்க எளிய மாதிரி வினை, ஐந்து ஆண்டு ஆய்வுக்கான கேள்வி அல்ல. காந்தத்தன்மை வினையூக்கத்தில் உண்மையாக ஏதாவது செய்யும் இடத்தைத் தேடுங்கள்.

ஓரிடம், காந்தத் தூண்டலால் சூடாக்குதல். மாறுதிசைப் புலத்தில் துகளே சூடாகும், சுற்றியுள்ள வாயு அவ்வளவு சூடாகாது. பிரான்சின் துலூஸ் குழு கார்பன் டை ஆக்சைடை இப்படி மீத்தேனாக மாற்றிக் காட்டியிருக்கிறது. கியூரி வெப்பநிலை இங்கே இயற்கையான தெர்மோஸ்டாட்: நிக்கல் 358 டிகிரி, மேக்னடைட் 585, இரும்பு 770. அதைத் தாண்டினால் துகள் காந்தத்தன்மையை இழந்து, சூடாவதும் ஏறக்குறைய நின்றுபோகும். எந்த உலோகக் கலவை எந்த வினைக்கு என்பதே ஒரு முழு ஆய்வுக்கான கேள்வி.

இன்னோரிடம், நீரிலிருந்து ஆக்ஸிஜன் பிரிக்கும் மின்முனை. ஸ்பெயினின் தாரகோனாவிலிருந்து 2019-ல் வந்த ஆய்வில், நிக்கல் ஜிங்க் பெர்ரைட் மின்முனை அருகே சாதாரண நிலைக்காந்தம் வைத்ததும் மின்னோட்டம் இரட்டிப்புக்கு மேல் போனது. இதில் எலக்ட்ரான் ஸ்பின்னின் பங்கு எவ்வளவு, நகரும் மின்னூட்டத்தின்மேல் காந்தப்புலம் செலுத்தும் லொரென்ஸ் விசையால் குமிழி விலகுவது எவ்வளவு என்பதைப் பிரிக்க, காந்தமல்லாத இரிடியம் ஆக்சைடு போன்ற ஒன்றை அதே அமைப்பில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

இரும்பு ஆக்சைடு தொழிற்சாலையில் என்ன செய்கிறது என்று பார்க்கத் தூத்துக்குடி வரை போனால் போதும். அம்மோனியா தயாரிப்பின் தொகுப்பு வினையூக்கி, உருக்கிய மேக்னடைட்டில் அலுமினா, பொட்டாஷ், கால்சியம் ஆக்சைடு கலந்தது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் பாஷ் நிறுவிய ஆய்வகத்தில் வேதியியலாளர் மிட்டாஷின் குழு 1909-ல் சுவீடனின் கெல்லிவரே மேக்னடைட்டில்தான் முதல் நல்ல தடயத்தைக் கண்டது. அதற்கு முந்தைய நீர்வாயு மாற்றப் படியில் இரும்பு-குரோமியம் ஆக்சைடு வேலை செய்கிறது. அது ஹெமடைட்டாக வந்து, உள்ளேயே மேக்னடைட்டாக ஒடுக்கப்படும். நீராவி குறைந்தால் மேக்னடைட் இரும்பாகவே ஒடுங்கி, மீத்தேனும் கரியும் வெப்பமும் உண்டாகும். ஆலையை நிறுத்தி அதை வெளியே எடுக்கும்போது காற்று பட்டால் தீப்பற்றும். காந்த அளவீடு தெரிந்த வேதியியலாளர் அதே பொடியைப் பார்த்து எவ்வளவு இரும்பாகிவிட்டது என்று சொல்ல முடியும்.

காந்தப் பக்கம் போக நினைத்தால், மணவாளக்குறிச்சி மோனசைட்டிலிருந்து (அருமண் உலோகங்கள் உள்ள கடற்கரை மணல் கனிமம்) தொடங்கும் அருமண் வேதியியல் நம் தென்கோடிக்கே உரியது. விசாகப்பட்டினத்தில் பொதுத்துறையான ஐஆர்இஎல் நிறுவனம் சமேரியம்-கோபால்ட் காந்தம் செய்யும் ஆலை வைத்திருக்கிறது. ஹைதராபாத் டிஎம்ஆர்எல் (பாதுகாப்புத்துறை உலோகவியல்), காரைக்குடி செக்ரி (மின்வேதியியல்), புனே என்சிஎல் (வேதியியல்) ஆய்வகங்கள் எல்லாம் வேதியியலாளரை எடுக்கும் இடங்கள்.

காந்த வேதியியல் இந்தப் பக்கத்துக்கு அன்னியமும் இல்லை. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன், படிகங்களின் காந்தத் திசைமாறுபாட்டை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு முறுக்கி அளந்தவர். தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் அவர்தான். மாணவர்கள் அந்த ஆய்வுகளை எடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நடைமுறை: சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்குங்கள், தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. சொந்த நிதியோடு வரும் மாணவருக்கு வழிகாட்டி தேடுவது எளிது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு, கருவிக்கு சென்னை ஐஐடி சைஃப் போன்ற பொது ஆய்வுக் கருவி மையங்களுக்கு மாதிரி அனுப்பலாம், ஐ-ஸ்டெம் தளத்தில் எந்தக் கருவி எங்கே என்று பார்க்கலாம். சேரும் முன் வழிகாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: வாயுக் குரோமட்டோகிராஃப், மெக்கானிக்கல் ஸ்டர்ரர், வெப்பநிலைக் கட்டுப்பாட்டுடன் யுவி கருவி இந்த மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? விஎஸ்எம்-ஐ வெளியூரில் எடுக்கலாம், தினமும் ஓடும் வினையை வெளியூருக்கு அனுப்ப முடியாது.

---

பேட்டை ஆய்வாளன்:

அக்கா, அண்ணாச்சி, எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். சிலிக்கா பூசினால் கோபால்ட் கசிவு நிற்குமா?

---

தாமிரபரணி அக்கா:

போரோஹைட்ரைடு கரைசல் காரத்தன்மை உள்ளது, சிலிக்கா அதில் மெல்ல மெல்லக் கரையும். சில சுற்றுக்குத் தாங்கும், பிறகு ஓட்டை விழும். அதோடு பெர்ரைட்டே வினையூக்கி என்றால் அதை மூடிவிட்டு வினையை எதிர்பார்க்க முடியாது. பெல்லேடியம் அல்லது வெள்ளியை மேலே ஏற்றும் திட்டம் இருந்தால் மட்டும் சிலிக்கா பொருந்தும். அப்போது உள்ளே மேக்னடைட் வையுங்கள், கோபால்ட் சந்தேகமே எழாது. கசிவைக் குறைக்க முதலில் ஹெமடைட் இல்லாத, கோபால்ட் அளவு சரியான பெர்ரைட்டைச் செய்து, கழுவுநீரில் கோபால்ட் தென்படாத வரை கழுவுங்கள்.

பயன்படுத்திய போரோஹைட்ரைடு கரைசலை மூடி போட்டு வைக்காதீர்கள், ஹைட்ரஜன் அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கும். புகைப்போக்கிக்குள், பக்கத்தில் சுடர் இல்லாமல், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குமிழி நின்ற பிறகு கோபால்ட் கழிவு பாட்டிலில் ஊற்றுங்கள்.